சாட்சிக் கையெழுத்து

பிப்ரவரி 4

அன்புள்ள உங்களுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? பாப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? அவளுக்கு இருமல் வந்தால் உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தானாகச் சரியாகிவிடும் என்று தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமல் இருந்துவிடாதீர்கள்.

போனில் எதையும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. விடுதியில் இருப்பது ஒரே போன், பின்னால் இருபது பேர் வரிசை. நான் "அப்புறம்?" என்று ஆரம்பித்தாலே பல்லைக் கடிக்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

விமானத்தை விட்டு இறங்கி ஒரு மாதம் ஆகிறது. இது பெரிய சலவைக் கம்பெனி. ஓட்டல், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளெல்லாம் லாரி லாரியாக வருகின்றன. என்னைப் போட்டிருப்பது இஸ்திரி மெஷினில். நம் வாசல் கதவைப் படுக்கப் போட்டால் எவ்வளவு நீளமோ அதைவிட நீளமான ஓர் உருளை, உள்ளே கொதித்துக்கொண்டே சுற்றும். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் காகிதம் மாதிரி மொடமொடவென்று வெளியே வரும்.

என்னோடு துணி கொடுப்பவள் நம் ஊர்ப் பக்கத்துப் பெண்தான். இருபத்து மூன்று வயது. கட்டிலில் படுத்தால் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நெட்டை என்று பேர் வைத்துவிட்டேன். அவள் விடுவாளா, என்னைக் குட்டையக்கா ஆக்கிவிட்டாள். எட்டுப் பேர் அறையில் எனக்குக் கீழ்க் கட்டில், அவளுக்கு மேல் கட்டில்.

மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று மடிப்பவள் இந்த ஊர்க்காரி. தடிமனான கண்ணாடி போட்ட அம்மா. நேற்று சம்பளச் சீட்டு கொடுக்கும்போது அவளுடையது தவறி என் கைக்கு வந்துவிட்டது. அதே மெஷின், அதே எட்டு மணி நேரம். என் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு. கண் தப்பாகப் படிக்கிறதோ என்று இரண்டு தடவை பார்த்தேன். அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டாள், ஏதோ அவள் திருடிவிட்ட மாதிரி.

பாப்பாவுக்கு முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 21

என் வாயாடிக்கு,

நானும் பாப்பாவும் நலம். முதுகு இருந்த இடத்திலேயே இருக்கிறது, வலியும் அதை விட்டுப் பிரியவில்லை. நான் வடிக்கிற சோற்றைப் பார்த்து உன் மகள், "அப்பா, இதைத் துணியில ஒட்டித் தைக்கலாம்" என்கிறாள். உன் வாய் அப்படியே இறங்கியிருக்கிறது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் நர்சிங்தான் படிப்பேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

நீ எழுதிய சம்பளச் சீட்டு விஷயம் எனக்கு ஒப்பவில்லை. பாவாடைக்கு ஒரு கூலி, கோட்டுக்கு ஒரு கூலி வாங்குகிறேன். அது நியாயம். ஒரே சட்டைக்கு, தைப்பவன் எந்த ஊரில் பிறந்தான் என்று பார்த்துக் கூலி கொடுத்தால் நான் ஊசியைத் தொடுவேனா? நீ ஏன் கேட்கவில்லை? இங்கே காய்கறிக்காரனையே கதறவிட்டவள் நீ. போய்க் கேள்.

போனில் குளிர் அதிகம் என்றாயே, காலுறை போட்டுக்கொண்டு தூங்கு.

உன் தையற்காரன்


மார்ச் 17

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே நலமே. பாப்பாவின் பரீட்சை எப்போது?

நீங்கள் சொன்னபடி கேட்டுவிட்டேன். எங்கள் சூப்பர்வைசர் நம் மொழிக்காரர்தான். இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது. அவர் சிரித்தார்.

"அந்தம்மா இங்க வாடகை கட்டணும், இங்க பிள்ளைங்களைப் படிக்க வைக்கணும். உனக்கு இந்தக் காசு உங்க ஊர்ல எவ்வளவு பெருசு!"

"நான் இங்கதானே சார் வேர்த்துக் கொட்டுறேன்? ஊருக்குப் போயா வேர்க்கிறேன்?" என்றேன்.

"நல்லா பேசுற" என்றார். அவ்வளவுதான், வேலை போயிற்று என்று நினைத்தேன். அடுத்த வாரம் கூப்பிட்டு என்னை எங்கள் மெஷின் வரிசைக்கு லீடர் ஆக்கிவிட்டார். இந்த ஊர்ப் பேச்சும் எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது, அதுவும் ஒரு காரணமாம். சம்பளம் கொஞ்சம் கூட. வாயைத் திறந்தால் இப்படியும் ஆகும் போலிருக்கிறது. நெட்டை ஒரு நாள் முழுக்க எனக்குச் சல்யூட் வைத்துக்கொண்டே திரிந்தாள்.

ஆனால் மணிக்கு இத்தனை விரிப்பு என்ற கணக்கை ஏற்றிவிட்டார்கள். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை தெரியாமல் உள்ளே போனால் அதில் படும், மெஷின் நின்றுவிடும். கை பட்டால் சரி, துணி கொஞ்சம் மொத்தமாகப் போனாலும் அதில் இடித்து நின்றுவிடுகிறது. மறுபடி சூடேற நேரமாகும், லீடர்தான் திட்டு வாங்க வேண்டும். அதற்கும் ஒரு வழி பண்ணியாகிவிட்டது. இப்போது மெஷின் நிற்பதே இல்லை.

பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது. எல்லோருடையதையும்தான். கவலைப்படாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி


மே 14

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். ஏப்ரலில் நீங்கள் போட்ட இரண்டு கடிதமும் கிடைத்தன. வேலை அதிகம், அதனால் பதில் எழுதவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாக அனுப்பியிருக்கிறேன். பாப்பாவின் நர்சிங் விண்ணப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். மேல் கட்டிலுக்கு வேறு ஒருத்தி வந்திருக்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 3

என் வாயாடிக்கு,

இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்புக்கு என்ன? பத்து வரியில் ஒரு கடிதம் உன்னிடமிருந்து வந்தால், ஜுரமா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நேற்று ஒருவர் கடைக்கு வந்தார். லாரி டிரைவர், என்னைவிடச் சின்னவர். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். "அண்ணே, உங்க வீட்டம்மாவும் என் தங்கச்சியும் ஒரே ரூமுங்களாமே?" என்றார். நெட்டையின் அண்ணன். அவள் தன் கடிதங்களில் உன்னைப் பற்றி நிறைய எழுதுவாளாம், நம் ஊர், கடை எல்லாமே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"தங்கச்சி கை மெஷின்ல போயிருச்சுண்ணே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏப்ரல் மாதமே நடந்ததாம். கம்பெனியிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அவளுடைய கவனக்குறைவால் நேர்ந்தது, எனவே நஷ்ட ஈடு கிடையாது, சாட்சிகள் உண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் ஊருக்கு அனுப்பிவைப்போம் என்று.

"வேற கிளைக்கு மாத்திட்டாங்கன்னு என் வீட்டுக்காரி எழுதியிருக்காளே" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "அப்ப அவங்களுக்கும் தெரியாது போல" என்றார். டீ வாங்கி வைத்தேன், குடிக்கவில்லை.

மேல் கட்டில்காரி கை போனது கீழ்க் கட்டிலில் படுப்பவளுக்குத் தெரியாதா? உடனே எழுது. அவர் மறுபடி வருவார்.

உன் தையற்காரன்


ஜூன் 29

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்களும் பாப்பாவும் நலமென்று நம்புகிறேன். இனிமேல் இந்தக் கடிதத்தின் அடியில் உள்ள விலாசத்துக்கு எழுதுங்கள். அது கண்ணாடிக்காரம்மாவின் வீடு. கம்பெனிக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். உங்கள் கடிதமும் பிரிந்துதான் வந்தது. அதனால்தான் நடந்ததை எழுதவில்லை.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி நடந்தது. ஒரு விரிப்பு முறுக்கிக்கொண்டது. நெட்டை அதை நேராக்கக் கையை நீட்டினாள். துணி அவள் மணிக்கட்டைச் சுற்றி உள்ளே இழுத்துவிட்டது, வலது கை. நான் கத்தினேன். கண்ணாடிக்காரம்மாதான் ஓடிப்போய் மெயினை அணைத்தாள். அதற்குள் போக வேண்டியது போய்விட்டது.

அவள் கவனம் தப்பிவிட்டதாகத்தான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். சாட்சி யாரென்று எனக்குத் தெரியாது. அவளுடைய அண்ணனிடம் எனக்கு மிகவும் வருத்தம் என்று சொல்லுங்கள்.

பாப்பாவுக்கு இடம் கிடைத்ததா?

உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 17

உனக்கு,

பாப்பாவுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் சேர்க்க வேண்டும். நாங்கள் நலம்.

டிரைவர் மறுபடி வந்தார். சாட்சிக் கடிதத்தின் நகலைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். அந்த ஊர் மொழியில் அச்சடித்த தாள். அடியில் இரண்டு கையெழுத்து. ஒன்று எனக்குத் தெரியாத எழுத்து. மற்றது, ஒரு நெளிவு, கடைசியில் சுழி, அதற்கடியில் சரிந்து இறங்கும் கோடு. பதினெட்டு வருஷமாகப் பாப்பாவின் பள்ளிக்கூட அட்டையிலும் ரேஷன் கடையிலும் நான் பார்க்கிற கையெழுத்து.

அவர் அதில் விரலை வைத்தார். "இது மட்டும் நம்ம எழுத்து மாதிரி தெரியுதுண்ணே. என்ன பேருன்னு படிக்க முடியுதா?"

நான் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். "வெறும் கிறுக்கலா இருக்கே தம்பி" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். "உங்களுக்கு வேற சிரமம் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை நான் தலையைத் தூக்கவில்லை.

இப்போது நானும் உன்னோடு சேர்ந்து பொய் சொல்லியாகிவிட்டது. எதற்காக என்று மட்டும் சொல்.


ஆகஸ்ட் 8

அன்புள்ள உங்களுக்கு,

நலம் விசாரிக்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. பாப்பாவை என் சார்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆமாம், அது என் கையெழுத்துதான். விபத்து நடந்து மூன்றாம் நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். மேஜை மேல் அந்தத் தாளும் என் பாஸ்போர்ட்டும் இருந்தன. "கையெழுத்துப் போட்டா இது மறுபடி பீரோவுக்குள்ள போயிரும். இல்லேன்னா நாளைக்கே இதை எடுத்துக்கிட்டு நீ விமானத்துல போகலாம்" என்றார். பாப்பாவின் படிப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. போட்டேன். மே மாதம் நான் கூடுதலாக அனுப்பியது அதற்கு அவர்கள் கொடுத்தது.

இது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுதவே மாட்டேன்.

அந்தத் தாளில், தடுப்புக் கம்பி சரியாக வேலை செய்தது என்று இருக்கிறது. அது வேலை செய்யவில்லை. கிழிந்த விரிப்பின் கரையைக் கிழித்து நாடாவாக்கி, கம்பியை மேலே தூக்கிக் கட்டியிருந்தது. சூப்பர்வைசர் கட்டச் சொன்னார். கட்டியது நான். லீடரான இரண்டாம் நாளே கட்டினேன். முடிச்சு அவிழாமல் இருக்க இரண்டு தடவை இறுக்கினேன். நெட்டை பக்கத்தில் நின்று, "பாத்துக்கா, நம்ம கை ஜாக்கிரதை" என்றாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடி" என்றேன்.

போன மாதம் கண்ணாடிக்காரம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நெட்டைக்கு மூன்று விரல் இல்லை. என்னைப் பார்த்ததும், "குட்டையக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "கம்பியைக் கட்டி வச்சிருந்துச்சுன்னு எவ்வளவோ சொன்னேன்க்கா, யாரும் நம்பலை. நீங்க சொன்னா நம்புவாங்க" என்றாள். நான் அவள் தலையைக் கோதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கண்ணாடிக்காரம்மா தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். அவள் இந்த ஊர்க்காரி, அவளை யாரும் விமானத்தில் ஏற்ற முடியாது. ஆனால் அவள் நின்றது உருளைக்கு அந்தப் பக்கம், கம்பியைப் பார்க்கவில்லை. பார்த்த ஆள் வேண்டும் என்கிறார்கள். ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி விசாரணை. யாரும் வராவிட்டால் இருபத்தெட்டாம் தேதி நெட்டையை வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்கள்.

நான் போய்ச் சொன்னால் வேலை போகும். கட்டியவள் நான் என்பதால் வேறென்ன வருமோ தெரியாது. உங்கள் பதில் அதற்குள் வந்து சேருமா என்றும் தெரியாது. என்ன செய்யட்டும்?


ஆகஸ்ட் 20

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. விடுதிப் போனில் இதைப் பேச முடியாது, இருபத்தாறாம் தேதிக்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

பேசாமல் இரு. நீ கட்டினாய் என்று உன் வாயாலேயே சொன்னால் உன்னை உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்? பாப்பா போன திங்கட்கிழமைதான் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாள். வெள்ளை உடுப்பை நானே தைத்தேன். அவளிடம் நான் என்ன சொல்வேன்?

நெட்டையின் அண்ணனை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் நல்ல மனிதர். இருந்தாலும் சொல்கிறேன், பேசாமல் இரு. படித்ததும் இதைக் கிழித்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கணவன்


செப்டம்பர் 10

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உள்ளே யாரும் தூக்கிப் போடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான் விசாரணைக்குப் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது.

அதிகாரி ஓர் அம்மா. மேஜைக்கு இந்தப் பக்கம் நானும் கண்ணாடிக்காரம்மாவும். அந்தப் பக்கம் கம்பெனி ஆட்கள். எனக்கு மொழிபெயர்க்க வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? எங்கள் சூப்பர்வைசர்! கம்பெனியே ஏற்பாடு பண்ணியிருக்கிறது.

"கம்பியைக் கட்டினது நான்தான். இவர் கட்டச் சொன்னார். அந்தத் தாள்ல இருக்கிறது பொய்" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு அதை அந்த ஊர்ப் பேச்சில் சொன்னார். "கம்பியை இவளே கட்டிவிட்டாள், யாரிடமும் கேட்கவில்லை, இப்போது வருந்துகிறாள்" என்று. எனக்கு அவ்வளவும் புரிந்தது. புரியும் என்று அவருக்கும் தெரியும், எதிர்த்துப் பேச மாட்டேன் என்று நினைத்திருப்பார். எட்டு மாதமாக எல்லோர் முன்னாலும் அவர் திட்டியதெல்லாம் அந்தப் பேச்சில்தானே?

நான் எழுந்துவிட்டேன். அந்த அம்மாவைப் பார்த்து, எனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில், "அவர் தப்பாகச் சொல்கிறார். கட்டு என்று சொன்னது அவர். கட்டியது நான். இரண்டையும் எழுதுங்கள்" என்றேன். இலக்கணமெல்லாம் இருந்திருக்காது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். சூப்பர்வைசரை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டு, என்னை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். ஒரு மணி நேரம் பேசினேன்.

நெட்டையின் விமானத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். நான் கட்டியதற்கு எச்சரிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் கம்பெனி என்னை நீக்கிவிட்டது. இந்த மாதம் முப்பதாம் தேதி எனக்கு டிக்கெட். அதுவரை கண்ணாடிக்காரம்மா வீட்டில் ஒண்டியிருக்கிறேன். நெட்டையைப் பார்க்கப் போனேன். சாட்சித் தாளில் இருப்பது என் கையெழுத்து என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு கடிதம் எழுதித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

உங்கள் கடிதத்தை நீங்கள் சொன்னபடியே கிழித்துவிட்டேன். நீங்கள் அதை எழுதவில்லை, நான் படிக்கவில்லை. என்னைக் கேட்டால், அது முன்னாலேயே வந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேனோ என்னவோ. எதற்கு அந்தப் பேச்சு?

ஒன்றே ஒன்று செய்யுங்கள். நான் வந்து இறங்குவதற்குள் அந்த அண்ணனிடம் போய், அது யார் கையெழுத்து என்று சொல்லிவிடுங்கள். பாப்பாவிடம் நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி


டிசம்பர் 6

அக்காவுக்கு,

இது நானே இடது கையால் எழுதுவது. இதற்கு மூன்று நாள் ஆனது. எழுத்து ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு உடம்பு தேவலை. நீங்களும் வீட்டுக்காரரும் மகளும் நலமாக இருக்க வேண்டும்.

தீர்ப்பு வந்துவிட்டது. தப்பு கம்பெனியுடையது என்று எழுதிவிட்டார்கள். எல்லா மெஷினிலும் கம்பியை அவிழ்த்துவிட்டார்களாம். சூப்பர்வைசர் வேறு கிளைக்குப் போய்விட்டார், வேலை போகவில்லை.

நஷ்ட ஈட்டை அவரவர் சம்பளத்தை வைத்துத்தான் போடுவார்களாம், சட்டம் அப்படி. கண்ணாடிக்காரம்மா தன் சம்பளச் சீட்டை அந்த அதிகாரியின் மேஜையில் வைத்துக் காட்டினாள். அவளுக்கு ஒரு விரல் போயிருந்தால் என்ன கிடைக்குமோ அதுதான் எனக்கு மூன்று விரலுக்குக் கிடைத்திருக்கிறது. அதிகாரியே இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். அந்தம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் என் அண்ணனிடம் போய்ச் சொன்னாராம். அண்ணன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திவிட்டான். மறுநாளும் வந்து வாசலில் நின்றாராம். மூன்றாம் நாள் அண்ணன் நாற்காலி போட்டிருக்கிறான்.

மன்னித்துவிடு என்று எழுதி வைத்துவிட்டுப் போனீர்கள். அக்கா, நீங்கள் கம்பியைக் கட்டியதுகூட எனக்குப் பெரிதில்லை. நீங்கள் கட்டாவிட்டால் என்னைக் கட்டச் சொல்லியிருப்பார், நானும் கட்டியிருப்பேன். ஆஸ்பத்திரியில், நீங்க சொன்னா நம்புவாங்க என்று நான் கெஞ்சினபோது என் தலையைக் கோதினீர்களே, அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. அதிகாரி முன்னால் எழுந்து நின்றதும் நீங்கள்தான் என்று தெரியும். இரண்டும் ஒரே ஆள் என்பதை மனசு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு விமானம். ஊருக்கு வந்த பிறகு நானாக ஒரு நாள் உங்களைப் பார்க்க வருவேன், எப்போது என்று தெரியாது. அதுவரை நீங்கள் என்னைத் தேடி வராதீர்கள். வந்தால் கதவைத் திறந்துவிடுவேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
நெட்டை